ஜீப்புக்கு வின்ச் பம்பர் வாங்கப் போன கதை

1. நீளமான இழை இது. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. வழக்கமா சுகர், பிரஷர், காய்ச்சல்னு எழுதுற நான் இன்னைக்கு வண்டி பம்பர் பற்றி எழுதப் போறேன். "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து நிற்கப் போகிறது, பொறுமையா படிங்க.

2. முதலில், தெரியாதவர்களுக்கு. வின்ச் என்பது மோட்டார் வைத்த ஒரு உருளை. அதில் கம்பி வடம் சுற்றியிருக்கும். வண்டி சேற்றில் மாட்டினால் வடத்தை இழுத்துப் போய் ஒரு மரத்தில் கட்டி, பட்டனை அமுக்கினால் வண்டி தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொள்ளும். இந்த இழுவையை கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பம்பர் தாங்காது. அதனால் அதைக் கழற்றிவிட்டு, சேஸில் நேரடியாக போல்ட் போட்ட இரும்பு பம்பரை மாட்டுவார்கள். அதுதான் வின்ச் பம்பர். பெரும்பாலும் அதன் மேலேயே வளைந்த குழாய் ஒன்றும் இருக்கும். பார்க்க கம்பீரமா இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

3. எனக்கு ஏன் அது தேவைப்பட்டது? சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலை. அதையும் தாண்டி மாக்கம்பாளையம் பக்கம் இருக்கிற சில ஊர்களுக்கு மாதம் ஒரு முறை நண்பர்களோடு மருத்துவ முகாம் போவேன். வழியில் பள்ளங்கள் உண்டு. எங்க பக்கம் பள்ளம்னா குழி இல்லை, காட்டாறு. மேலே எங்கேயோ மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணி வந்துவிடும். அதற்காகத்தான் ஃபோர் வீல் தார் வாங்கினேன்.

4. ஒரு அக்டோபர் மாதம். முகாமில் ஒரு கர்ப்பிணி. எட்டாம் மாதம். "ரெண்டு நாளா தலைவலிங்க, கண்ணு மங்கலா இருக்குதுங்க" என்றார். பிபி 170/110. கால், முகம் எல்லாம் வீக்கம். கர்ப்ப கால ரத்தக் கொதிப்பு முற்றி, எந்த நேரமும் வலிப்பு வரலாம் என்ற நிலை. பிரஷருக்கு மாத்திரை கொடுத்து, பெட்டியில் இருந்த மக்னீசியம் சல்பேட் ஊசியையும் போட்டு, என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கீழே கிளம்பினோம். (அடையாளம் தெரியாமல் இருக்க இந்தக் கதையில் வரும் எல்லோரைப் பற்றியும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

5. பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணி. காலையில் வந்த அதே வழிதானே என்று இறங்கினேன். நடுவில் மணல். முன் சக்கரம் ரெண்டும் இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதைந்தது. பின் சீட்டில் அந்தப் பெண், பக்கத்தில் நர்ஸ் சிஸ்டர் கையில் பிபி கருவியோடு. செல்போனில் சிக்னல் இல்லை. ஒருத்தர் ஓடிப் போய் டிராக்டர் கூட்டி வர ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் ஆனது. டாக்டர் வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவ்வளவு நீளமான ரெண்டு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

6. வலிப்பு வரவில்லை. கீழே போய்ச் சேர்ந்தோம், சிசேரியன் ஆனது. அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்காங்க. ஆனால் அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த மணல். ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வின்ச் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். விடியும்போது முடிவே பண்ணிவிட்டேன், வின்ச் பம்பர் போட்டே ஆகணும்.

7. அடுத்த ரெண்டு வாரம் நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன். கத்துக்கிட்டதைச் சொல்றேன், யாருக்காவது உதவும். வின்ச்சின் இழுவைத் திறன் வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கணும். தார் வெறும் வண்டியே சுமார் 1,750 கிலோ. ஆள், பெட்டி, டீசல் எல்லாம் சேர்த்து 2,200 என்று வைத்தால் 3,300 கிலோ. வின்ச்சை பவுண்டில் விற்பார்கள், அதாவது 7,300 பவுண்டுக்குக் குறையக் கூடாது. அதனால்தான் இந்த மாதிரி வண்டிக்கு 8,000 அல்லது 9,500 பவுண்டு வின்ச் என்பார்கள்.

8. அதிலும் ஒரு சூட்சுமம். பெட்டியில் போட்டிருக்கும் அந்த எண், வடம் கிட்டத்தட்ட முழுவதும் வெளியே இருந்து, உருளையில் ஒரே ஒரு அடுக்கு மட்டும் சுற்றியிருக்கும்போது கிடைக்கும் இழுவை. அடுக்கு கூடக் கூட இழுவை குறையும். வடத்தை ஒரு புல்லி வழியாக மடக்கி வண்டிக்கே கொண்டுவந்து மாட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். முழு இழுவையில் மோட்டார் 400 ஆம்பியர் வரை கரண்ட் குடிக்கும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கணும், அப்படியும் விட்டு விட்டுத்தான் இழுக்கணும். இல்லையென்றால் பேட்டரி காலி, நடுக்காட்டில் ரெண்டு பிரச்சினை.

9. வடம் ரெண்டு வகை. இரும்புக் கம்பி வடம் விலை குறைவு, பாறையில் உரசினாலும் தாங்கும். ஆனால் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும், ஆளையே கொன்றுவிடும். செயற்கை நார்க் கயிறு பல மடங்கு லேசு, அறுந்தாலும் அந்த அளவுக்குச் சீறாது. ஆனால் வெயில், சூடு, கூர்மையான பாறை மூன்றும் அதற்கு எதிரி. எதுவாக இருந்தாலும் இழுக்கும்போது நடுவில் ஒரு கனமான போர்வையைப் போடணும், வடம் போகும் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, உருளையில் சில சுற்று எப்போதும் மீதம் இருக்கணும்.

10. இவ்வளவும் படித்துவிட்டு கோவையில் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினேன். மேலே வளைந்த குழாய் வைத்த இரும்பு பம்பர், 9,500 பவுண்டு வின்ச், பொருத்துக் கூலி எல்லாம் சேர்த்து 1,15,000 ரூபாய். 20,000 அட்வான்ஸ் கொடுத்தேன். "வளைவுக் குழாய் வேண்டாமா வேணுமா சார்?" என்று கேட்டார்கள். "வேணும், யானை கீனை வந்தா?" என்று ஜோக் அடித்தேன். யானைக்கு அந்தக் குழாய் ஒரு முருங்கைக்குச்சி என்று எனக்கும் தெரியும். அழகுக்காகத்தான் கேட்டேன்.

11. எங்க ஊரில் முப்பது வருஷமாக ஜீப் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கார். அவரிடம் பெருமையாகச் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்க டாக்டரு, அந்தப் பள்ளத்துல கொக்கியைக் கொண்டு போய் எதுல மாட்டியிருப்பீங்க? பக்கத்துல மரம் இருந்துச்சுங்களா?" யோசித்தேன். கரையில் இருந்த முதல் பெரிய மரம் அறுபது மீட்டராவது இருக்கும். வின்ச் வடம் இருபத்தைந்து மீட்டர்.

12. அடுத்த கேள்வி. "மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி டயர்ல காத்து இறக்குனீங்களா?" இல்லை. ரோட்டில் ஓட்டுகிற அதே 32 பிஎஸ்ஐ. 18-க்கு இறக்கியிருந்தால் டயர் பரந்து மணல் மேலேயே மிதந்து போயிருக்கும் என்றார். "இறங்கி நடந்து ஆழம் பார்த்தீங்களா?" அதுவும் இல்லை. "அப்புறம் எதுக்குங்க ஒரு லட்சம்?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

13. எனக்குச் சுருக்கென்றது. ஓபியில் தினமும் நான் திட்டுவது இதைத்தானே? பிபியைப் பார்க்காமல், உப்பைக் குறைக்காமல், "டாக்டர், ஒரு ஃபுல் பாடி ஸ்கேன் எழுதிக் குடுங்க" என்பார்கள். நானும் அதையேதான் செய்திருக்கிறேன். பயத்தில் இருந்தபோது கண்ணுக்குப் பெரிசாகத் தெரிந்த மெஷினுக்குக் காசு கொடுத்தேன். இருந்தாலும் ஆர்டரை ரத்து பண்ணவில்லை. ஆசை அவ்வளவு சீக்கிரம் போகுமா?

14. டிசம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டியூட்டியில் இருந்தேன். ஏழு வயசுப் பையன். பந்தை எடுக்க ரோட்டுக்கு ஓடியிருக்கிறான், ஜீப் மோதிவிட்டது. கொண்டு வந்தது ஜீப் ஓட்டியவரே. என்னிடம் பல வருஷமாக சுகருக்கு வருகிறவர். நல்ல மனுஷன். "மெதுவாத்தானுங்க சார் வந்தேன், இருவதுகூட இருக்காதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டு முன்னால் அந்தச் சந்தில் அதற்கு மேல் போகவும் முடியாது.

15. பையன் முழிச்சுத்தான் இருந்தான். எலும்பு எதுவும் உடையலை. வெளியே ரத்தக் காயமே இல்லை. ஆனால் சட்டையைத் தூக்கியபோது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குறுக்கே, ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீலக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. நாடித் துடிப்பு 140. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. வயிற்றில் வைத்துப் பார்த்த அல்ட்ராசவுண்டில் உள்ளே ரத்தம். ரெண்டு ஊசி போட்டு, சலைன், ரத்தம் ஏற்பாடு பண்ணி, ஆம்புலன்ஸில் கோவைக்கு அனுப்பினோம்.

16. பையனை ஏற்றி அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் அந்த ஜீப் நின்றது. முன்னால் வளைந்த இரும்புக் குழாய். ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன், குழாயின் மேல் விளிம்பு என் இடுப்புக்கு வந்தது. பையன் உயரம் 118 சென்டிமீட்டர் என்று கேஸ் ஷீட்டில் நானே எழுதியிருந்தேன். அவனுக்கு அது நெஞ்சு. நான் அட்வான்ஸ் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே டிசைன். அந்த மனுஷனிடம் அன்னைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

17. கொஞ்சம் மருத்துவம். கார் மோதும்போது பெரியவர்களுக்கு முதலில் அடி விழுவது காலில். வண்டி உயரமாக இருந்தால் தொடை, இடுப்பு. தொடை எலும்பு ஒன்று உடைந்தால் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கிவிடும். நம் உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர்தான். குழந்தைகளுக்குத் தொடை, நெஞ்சு அல்லது வயிறு, தலை என்று மூன்று இடத்திலும் சேர்ந்து அடி விழலாம். இதை வாடெல் முக்கூட்டு என்று படிப்போம். குழந்தையின் விலா எலும்பு வளையும் தன்மை உள்ளது. அதனால் எலும்பு உடையாமலே உள்ளே ஈரலும் மண்ணீரலும் கிழியலாம். "எலும்பு ஒண்ணும் ஆகலை" என்று நிம்மதி அடைய முடியாது.

18. பிளாஸ்டிக் பம்பர் "சும்மா ஒடைஞ்சுடும், தகரம்" என்று நாம் திட்டுகிறோம். அது நொறுங்குவதற்காகவே செய்தது. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் நுரை, அதற்குப் பின்னால் கசங்கும் உலோகம். மோதலின் வேகத்தைக் கொஞ்சம் நேரம் இழுத்து, கொஞ்சம் அகலமாகப் பரப்பி வாங்கிக்கொள்ளும். இரும்புக் குழாய் கசங்காது. மொத்த அடியையும் ரெண்டு அங்குல அகலத்தில் கொடுக்கும். விரலால் அழுத்தினால் தோல் குழியும், அதே அழுத்தத்தில் ஊசி உள்ளே போய்விடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

19. "சரி டாக்டர், உள்ளே இருக்கிற எனக்காவது பாதுகாப்புதானே?" அதுவும் உறுதியில்லை. மோதிய 15 முதல் 30 மில்லி செகண்டுக்குள் ஏர்பேக்கை விரிக்கலாமா என்று சென்சார் முடிவு எடுக்கணும். வண்டி எப்படிக் கசங்கும் என்று கம்பெனி கணக்குப் போட்டுத்தான் அந்த முடிவு உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. முன்னால் நேரா சேஸில் ஒரு இரும்பைக் கட்டினால் அந்தக் கணக்கு மாறும். பை முன்கூட்டியோ, தாமதமாகவோ விரியலாம், விரியாமலும் போகலாம். 2020-ல் குளோபல் என்கேப் சோதனையில் தார் 4 நட்சத்திரம் வாங்கியது கம்பெனி பம்பரோடு. என் ஒரு லட்ச ரூபாய் பம்பரோடு அல்ல.

20. எடையும் இருக்கு. இரும்பு பம்பர், வின்ச், கம்பி வடம் சேர்ந்தால் எண்பது தொண்ணூறு கிலோ ஆகும். அதுவும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்கும். ஒரு தடித்த ஆளை எப்போதும் பானட் நுனியில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. ஸ்பிரிங் இறங்கும், பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். மேட்டில் ஏறும்போது தரையில் இடிக்காத முன் கோணமும், பம்பர் டிசைன் சரியில்லாவிட்டால், குறையும். மலைக்காக வாங்குவது மலையிலேயே தொந்தரவு பண்ணும்.

21. சட்டமும் சொல்லிவிடுகிறேன். கிராஷ் கார்டு, புல் பார் போட்ட வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆஸ்திரேலியாவில் கங்காரு மோதும் என்பதால் புல் பார் சகஜம், ஆனால் அதற்கென்று தனித் தரநிலை உண்டு. ஐரோப்பாவில் பாதசாரி சோதனையில் தேறினால்தான் விற்கலாம். நம்ம ஊரில் பல இடங்களில் வெல்டிங் பட்டறைதான் தரநிலை.

22. நடுவில் ஒரு வழி உண்டு, கம்பெனி பம்பருக்குப் பின்னால் மறைவாக வின்ச் வைப்பது. வளைவுக் குழாய் இல்லாததால் நடந்து போகிறவருக்கு ஆபத்து குறைவு. அதையும் யோசித்தேன். ஆனால் கசங்க வேண்டிய இடத்தில் முப்பது நாற்பது கிலோ இரும்பு உட்கார்ந்துவிடுகிறது, அதே சட்டக் கேள்வியும் இருக்கிறது. நாள் முழுக்கக் காட்டிலேயே ஓடும், ஊருக்குள் வராத போட்டி வண்டிக்குக் கணக்கு வேறு. என் வண்டி மாதத்தில் ஒரு நாள் மலைக்குப் போகுது. மீதி இருபத்தொன்பது நாள் ஸ்கூல் வாசலிலும் காய்கறிக் கடை முன்னாலும்தான் ஓடுது.

23. ஆர்டரை ரத்து பண்ணினேன். அட்வான்ஸில் பாதி போச்சு, மீதிக்குப் பொருள் வாங்கினேன். டயருக்குக் காற்று அடிக்கும் கம்பரஸர், பிரஷர் கேஜ், சக்கரத்துக்கு அடியில் போடும் பலகை ரெண்டு, மண்வெட்டி, இன்னொரு வண்டி இழுக்க வசதியாக மீள்தன்மை உள்ள கயிறு, கையால் இழுக்கும் சின்ன வின்ச், மரத்தை அறுக்காத அகலப் பட்டை. எல்லாம் டிக்கியில் கிடக்கும், தேவைப்படும்போது சேஸில் கம்பெனியே கொடுத்திருக்கிற கொக்கியில் மாட்டிக்கலாம். பம்பரிலோ, டிரெய்லர் இழுக்கும் குண்டிலோ கயிறு மாட்டி இழுக்காதீங்க. அது பிய்ந்தால் குண்டு மாதிரியே பறக்கும்.

24. ஆனால் உண்மையில் உதவியது டிக்கியில் இருப்பது இல்லை. மலையில் உள்ள கிராம சுகாதார செவிலியர் ஒருத்தர் சொன்ன யோசனை. "சார், நீங்க மழையில வண்டிய இழுக்கறத விடுங்க. மழைக்கு முன்னாடியே அவங்களக் கீழ கூட்டிட்டு வந்துரலாம்." மலைவாழ் பகுதிகளுக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை என்று ஒன்று இருக்கிறது. தேதி நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து தங்கலாம். இப்போது செப்டம்பர் முகாமிலேயே பட்டியல் போடுகிறோம். பிபி ஏறுகிறவர்களை முதலில். பள்ளத்தின் ரெண்டு கரையிலும் டிராக்டர் வைத்திருப்பவர்கள் நம்பர் சிஸ்டரிடம் இருக்கு. மழை நாளில் நான் ஆற்றில் இறங்குவதே இல்லை.

25. பையன்? ஈரலில் கிழிசல். ஆபரேஷன் இல்லாமலே, ஐசியூவில் வைத்துக் கவனித்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஒன்பது நாள். இப்போது ஸ்கூலுக்குப் போகிறான். உங்கள் வீட்டுக் குழந்தை மேல் எந்த வண்டி மோதினாலும், எழுந்து ஓடினாலும்கூட, ஆஸ்பத்திரியில் காட்டுங்க. முகம் வெளுப்பது, வயிற்று வலி, இடது தோள்பட்டையில் காரணம் இல்லாமல் வலி, வாந்தி, சோர்வு, இதெல்லாம் உள்ளே ரத்தக் கசிவின் அறிகுறி. கைகால் பிடித்துத் தூக்காதீங்க, கழுத்தை அசைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. 108-க்குக் கூப்பிடுங்க.

26. மூணு மாதம் கழித்து ஜீப்காரர் சுகர் செக்கப்புக்கு வந்தார். மாத்திரை எழுதிக்கொண்டே, நானும் அதே மாதிரி ஒண்ணுக்கு அட்வான்ஸ் கொடுத்ததையும், அவர் வண்டியைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று விட்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அன்னைக்கு ராத்திரியே கழட்டி மாட்டுக் கொட்டாய்ல போட்டுட்டேனுங்க சார். பழைய இரும்புக்குப் போடவும் மனசு வரலை. யாராவது எடுத்துட்டுப் போய் வேற வண்டியில மாட்டிருவாங்களோன்னு."

27. அவ்வளவுதான். உங்க வண்டி முன்னால் அப்படி ஒரு குழாய் இருந்தால், இன்னைக்கு ஒரு தடவை பக்கத்தில் போய் நின்று பாருங்க. அது உங்களுக்கு எந்த உயரத்தில் இருக்கு, உங்க வீட்டுக் குழந்தைக்கு எந்த உயரத்தில் இருக்குன்னு பாருங்க. வண்டி பற்றியோ, அடிபட்டால் என்ன செய்யணும் என்பது பற்றியோ கேள்வி இருந்தா கீழே கேளுங்க. ஓபி முடிஞ்சதும் ராத்திரி பதில் சொல்றேன்.